திறக்கக் கூடாத அலுமாரி

இத்தாலியில் வயது போனவர்களின் வீடுகளில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு ஒரு அலுமாரியைக் கட்டாயம் தெரிந்திருக்கும். சாவி சிஞ்ஞோராவின், அதாவது வீட்டுக்கார அம்மாவின், கைப்பையில் இருக்கும். மேலே தூசு தட்டலாம், சுற்றிக் கூட்டலாம், திறக்கக் கூடாது. நகை இருக்கிறது போல என்றுதான் முதலில் எல்லோரும் நினைப்போம். உள்ளே இருப்பது துணி. கட்டில் விரிப்பு, தலகணி உறை, துவாய், மேசை விரிப்பு, சாப்பாட்டு நேரத்தில் மடியில் போடும் சின்னத் துணி என்று தட்டுத் தட்டாக அடுக்கி நாடாவால் கட்டியிருக்கும். அதில் பாதி ஒருநாள்கூடக் கட்டிலையோ மேசையையோ கண்டிருக்காது.

சிசிலித் தீவின் பலெர்மோ நகரத்தில் நான் பார்த்துக்கொண்ட சிஞ்ஞோராவிடம் இப்படி இரண்டு அலுமாரியும், கட்டில் காலடியில் ஒரு மரப்பெட்டியும் இருந்தன. குளிர் முடிந்து வெயில் ஏறத் தொடங்கும் நாட்களில் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் காற்றாட விட்டு, பழைய மடிப்பை மாற்றி மடித்துத் திரும்ப அடுக்க வேண்டும். மடிப்பை ஏன் மாற்ற வேண்டும் என்றால், லினன் துணி ஒரே இடத்தில் வருடக்கணக்கில் மடிந்து கிடந்தால் அந்தக் கோட்டிலேயே இழை முறிந்து கிழியும். இதைச் சொல்லித் தந்தது அவர்தான். மற்றதெல்லாம் அவரிடம் கேட்டும், அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தும், கண்டதை வாசித்தும் சேர்த்தது.

இந்தத் துணிச் சேர்மானத்துக்குக் கொர்ரேதோ என்று பெயர். கல்யாணத்தின்போது பெண் தன்னோடு கொண்டுவருவது. காசாகவும் காணியாகவும் கொடுப்பது வேறு, அது தோத்தே. தோத்தேயை மாப்பிள்ளைதான் நிர்வகிப்பான். கொர்ரேதோவோ பெண்ணின் கைக்குள், அவள் பூட்டிய பெட்டிக்குள் இருக்கும். யாழ்ப்பாணத்தில் தேசவழமைச் சட்டப்படி சீதனமே பெண்ணின் சொத்துத்தான் என்று ஒருநாள் சிஞ்ஞோராவிடம் சொன்னேன். "அப்படியானால் உங்கள் ஊர்ப் பெண்களுக்கு இவ்வளவு ஊசி குத்த வேண்டி வந்திருக்காது" என்றார். எங்கள் ஊர்ச் சீதனக் கதையைச் சொல்லத் தொடங்கினால் அன்றைக்குச் சமையல் நடக்காது என்று விட்டுவிட்டேன். 1975-இல் இத்தாலியக் குடும்பச் சட்டத்தைத் திருத்தியபோது தோத்தேயை ஒழித்துவிட்டார்கள். துணிப்பெட்டியைச் சட்டம் தொடவில்லை. அது வழக்கொழிந்தது வேறு காரணங்களால்.

கணக்கெல்லாம் டசனில்தான். ஒவ்வொரு சாமானிலும் ஆறு என்றால் எளிய குடும்பம், பன்னிரண்டு என்றால் நடுத்தரம், இருபத்து நாலு என்றால் ஊரே பேசும். தெற்கில் கல்யாணத்துக்கு முன் எல்லாவற்றையும் விரித்து வைத்து உறவுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். விலை மதித்துப் பட்டியல் எழுதிக் கையெழுத்து வைத்ததும் உண்டு. மாப்பிள்ளையின் தாய் விரிப்பின் ஓரத்தைப் புரட்டிப் பின்பக்கத் தையலைப் பார்ப்பாளாம். முன்பக்கத்தை யாரும் வடிவாகச் செய்வார்கள், பெண்ணின் குணம் பின்பக்கத்தில்தான் தெரியும் என்பது சிஞ்ஞோராவின் தாயார் அடிக்கடி சொல்வதாம். நல்ல குணமுள்ள எத்தனை பேர் முடிச்சை மறைக்கத் தெரியாததால் வசவு வாங்கினார்களோ.

இரண்டு பேர் படுக்கும் கட்டிலுக்கு இருபத்து நாலு விரிப்பு எதற்கு? பெருமை ஒரு பக்கம், சலவை இன்னொரு பக்கம். குழாயும் இயந்திரமும் வருவதற்கு முன் நாட்டுப்புற வீடுகளில் பெரிய சலவை வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் நடக்கும். பெரிய தொட்டியில் துணியை அடுக்கி, மேலே ஒரு முரட்டுத் துணி விரித்து, அதன்மேல் சலித்த விறகுச் சாம்பலைக் கொட்டி, கொதிநீரைத் திரும்பத் திரும்ப ஊற்றுவார்கள். சாம்பலின் காரம் துணிக்குள் இறங்கி அழுக்கைக் கொண்டு கீழே வடியும். நம்மூர் வெள்ளாவி மாதிரித்தான்; அங்கே ஆவி மேலே போகும், இங்கே காரநீர் கீழே இறங்கும். அப்புறம் ஆற்றில் அலசி, புல்லில் விரித்து வெயிலில் வெளுக்கப் போடுவார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் தோய்க்க முடியும் என்றால், இடையில் மாற்றுவதற்கு அத்தனை விரிப்பும் வேண்டும்தானே.

மூன்றாவது காரணத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். இந்தத் துணி காசு. இத்தாலி முழுக்க மொந்தே தி பியெத்தா என்ற அடகு நிலையங்கள் இருந்தன. அங்கே நகையோடு விரிப்பையும் மேசைத் துணியையும் வாங்கி வைத்துக்கொண்டு கடன் கொடுத்தார்கள். பூவேலை செய்த விரிப்புக்கு வெறும் விரிப்பைவிட விலை கூட. வங்கியில் கணக்கு வைத்திராத ஒரு பெண் தன் விரல்களால் போட்டு வைத்த வைப்பு அது. யுத்தகாலத்தில் அது கைகொடுத்தது. 1943 மே மாதம் பலெர்மோவில் குண்டு மழை பொழிந்தபோது சிஞ்ஞோரா சிறுமி. குடும்பத்தோடு உள்நாட்டுக் கிராமம் ஒன்றுக்கு ஓடிப் போனார்கள். அவருடைய தாயார் முழு டசனாகக் கொண்டுபோன விரிப்புகள் மாவாகவும் எண்ணெயாகவும் மாறின. மிச்சம் வந்தவற்றை இன்றைக்கும் மேல்தட்டில் தனியாக வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் இடம்பெயர்ந்தபோது காப்புகள் செய்த வேலையை அங்கே விரிப்புகள் செய்திருக்கின்றன.

சரி, துணியைப் பார்ப்போம்.

அதே அலுமாரியில் சிஞ்ஞோராவின் சொந்தக் கொர்ரேதோவில் ஒரு விரிப்பு உண்டு. அதை விரித்துப் போட்டால் முதலில் வேலைப்பாடு தலைகீழாக, துணியின் தவறான பக்கத்தில் செய்திருப்பது போலத் தோன்றும். காரணம் இருக்கிறது. அது போர்த்துக்கொள்ளும் மேல்விரிப்பு. தலைமாட்டில் கம்பளிக்கு மேலாக அதை ஒரு முழம் அளவுக்கு மடித்து விடுவார்கள். மடித்த பிறகு வெளியே தெரியும் பக்கத்தில்தான் பூவேலை. அந்த ஒரு முழத்தில்தான் எல்லாப் பெருமையும். மிச்சம் முழுக்க வெறும் வெள்ளைத் துணி.

அதில் இரண்டு மயில்கள் ஒரு கிண்ணத்தின் இருபக்கமும் எதிரெதிரே நிற்கின்றன. சுற்றிவரத் திராட்சைக் கொடி. கொஞ்சம் தள்ளிநின்று பார்த்தால் வலைத்துணியில் மயில் தைத்தது போல இருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் மயிலில் ஒரு தையலும் இல்லை, ஓரத்தைச் சுற்றி ஓடும் மெல்லிய கயிற்றுத் தையலைத் தவிர. மயில் என்பது தொடாமல் விட்ட துணி. வேலை நடந்ததெல்லாம் அதைச் சுற்றியுள்ள வெளியில்.

சிசிலியில் இதற்கு ஸ்ஃபிலாத்தோ என்று பெயர். இழை உருவுவது. லினன் துணியைச் சட்டத்தில் முறுக்காகக் கட்டி, உருவத்தின் ஓரத்தை முதலில் தைத்துப் பத்திரப்படுத்துவார்கள். பிறகு பின்னணியில் இத்தனை இழை வெட்டு, இத்தனை இழை விடு என்று எண்ணி, நெடுக்கிலும் குறுக்கிலும் உருவி எடுப்பார்கள். அந்த நேரத்தில் துணி பார்க்கப் பரிதாபமாக இருக்கும், தொட்டால் கலைந்துவிடும். விட்டுவைத்த இழைகளை ஒவ்வொரு கட்டாக நூலால் சுற்றிச் சுற்றி இறுக்கினால் கட்டம் கட்டமான வலை வரும். கட்டங்கள் நெல்மணியைவிடச் சின்னவை. எண்ணிக்கை ஒரு இடத்தில் பிசகினால் வலை கோணிப் போகும், வெட்டிய இழையை ஒட்ட முடியாது. 400, 500, 700 (அதாவது 1400-கள், 1500-கள், 1700-கள்) என்று நூற்றாண்டுகளின் பெயரில் வகைகள் வைத்திருக்கிறார்கள். மயில் விரிப்பு 400 வகை. சிசிலியின் ரகூசா பக்கத்தில்தான் இந்த வேலை வலுவாக வேரூன்றியது. அங்கே கியாரமோந்தே குல்ஃபி என்ற மலையூரில் இதற்கென்றே ஒரு அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள்.

ஒரு மூலையில் இரண்டு எழுத்து. அடியில் நூல் போட்டு உப்ப வைத்து, மேலே நெருக்கமாகத் தைத்தது. விரலால் தடவினால் கண்ணை மூடிக்கொண்டே வாசிக்கலாம். அது சிஞ்ஞோராவின் கன்னிப் பெயரின் எழுத்து, கணவருடைய குடும்பப் பெயர் இல்லை. வேலையைத் தொடங்கும்போது மாப்பிள்ளை யாரென்றே தெரியாதே! பத்து வயதில் கன்னியாஸ்திரிகளிடம் தையல் பழகப் போனவர் அவர். வெறும் வீட்டு உபயோகத் துணி என்றால் சிவப்பு நூலில் சின்னக் குறுக்குத் தையலில் எழுத்தும் இலக்கமும் போட்டுவிடுவார்கள். பலர் வீட்டுத் துணி ஒன்றாக வெளுக்கப் போகும்போது மாறிப்போகாமல் இருக்க.

நடு இத்தாலியில் அசிசி நகரத்தின் வேலை வேறு மாதிரி. அங்கே பின்னணி முழுக்கச் சிவப்பிலோ நீலத்திலோ நெருக்கமான குறுக்குத் தையல். உருவங்களுக்கு ஓரக்கோடு மட்டும்தான். பறவையும் விலங்கும் வெள்ளையாக, வெறுமையாக நிற்கும். சிசிலிக்காரி பின்னணியைக் காலி செய்தாள், அசிசிக்காரி பின்னணியை நிரப்பினாள். இரண்டு பேருமே உருவத்தைத் தொடவில்லை. எத்தனையோ வகைப் பூவேலைகளில் இந்த இரண்டும் எனக்கு ஏன் பிடிக்கின்றன என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். மற்றவற்றில், குறிப்பாகப் பிஸ்தோயா பக்கத்துக் கசல்குயிதி வேலையில், பூவும் பழமும் துணிக்கு மேலே பிதுங்கிக்கொண்டு நிற்கும். திறமைதான், எனக்குக் கொஞ்சம் மூச்சு முட்டும்.

இவற்றில் பல நடுவில் செத்துப் பிழைத்தவை. 16-ஆம் நூற்றாண்டில் வெனிஸில் ரேந்தைக்கும் (லேஸ்) பூவேலைக்கும் வடிவப் புத்தகங்கள் அச்சாகி ஐரோப்பா முழுக்கப் போயின. அப்புறம் பிரெஞ்சு ரேந்தை வந்தது, இயந்திரம் வந்தது, கை ஓய்ந்தது. வெனிஸ் அருகே புரானோ தீவில் ஊசி ரேந்தை கிட்டத்தட்ட மறந்தே போயிருந்தது. ஒரு கொடுங்குளிர் காலத்தில் கடல் வேலை நின்று மீனவக் குடும்பங்கள் பட்டினி கிடந்தபோது, தீவுப் பெண்களுக்கு ஏதாவது தொழில் வேண்டும் என்று 1872-இல் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். அந்தத் தையலை இன்னும் கையில் வைத்திருந்தவர் செஞ்சா ஸ்கார்பரியோலா என்ற கிழவி. அவரிடமிருந்து ஒரு ஆசிரியை பழகி, அந்த ஆசிரியையிடமிருந்து மற்றப் பெண்கள் பழகினார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நின்ற ஆந்திரியானா மர்ச்செல்லோ சீமாட்டியின் பெயரை எல்லாக் கையேடுகளும் முதலில் சொல்கின்றன. நான் கிழவியின் பெயரை முதலில் சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு இந்த மாதிரி முயற்சிகள் வரிசையாக வந்தன. பொலோஞாவில் 1898-இல் எமீலியா ஆர்ஸ் என்ற கைவினைச் சங்கம். அசிசித் தையலுக்கு 1902-இல் ஒரு பட்டறை. 1904-இல் திரசிமேனோ ஏரிக்கரையில் ரொமெய்ன் ராபர்ட் என்ற அமெரிக்கப் பெண்மணி, சொர்பெல்லோ பிரபு வீட்டு மருமகளாக வந்தவர், பண்ணைப் பெண்களுக்காக ஒரு பூவேலைப் பள்ளி தொடங்கினார். முடிச்சு முடிச்சாக எழும் ஒரு தடித்த தையல் அங்கிருந்துதான் சொர்பெல்லோ தையல் என்று பெயர் பெற்றது. 1934-இல் பள்ளி மூடிவிட்டது. பெருஜா நகரத்தில் அவர்களுடைய மாளிகை இப்போது அருங்காட்சியகம், பள்ளியில் செய்த துணிகள் அங்கே இருக்கின்றன. 1905-இல் நியூயார்க்கில்கூட, கப்பலேறிப் போன இத்தாலியப் பெண்களின் ஊசி வேலையை விற்றுக் கொடுக்க ஒரு பள்ளி நடந்தது. நாடு விட்டு நாடு போனவர்களுக்குக் கையில் இருப்பதுதான் முதல் என்பது நமக்குப் புதுச் செய்தி இல்லை.

சீமாட்டிகளைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவர்கள் இறங்காவிட்டால் பல தையல்கள் இன்று படத்தில்தான் இருந்திருக்கும். வயலில் வேலை செய்த பெண்கள் கையில் சொந்தக் காசு பார்த்ததும் உண்மை. ஆனால் ஒரு மேசை விரிப்பு முழுவதையும் செய்தவளின் வீட்டில் அப்படியொரு விரிப்பைப் போட மேசை இருந்திருக்காது. அருங்காட்சியகத்தில் பெயர்ப்பலகையை வாசிக்கும்போது யார் கொடுத்தது, எந்த மாளிகை என்பதெல்லாம் இருக்கும். செய்தவள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அநேகமாக ஊர்ப்பெயர்தான் இருக்கும்.

பழைய மேசை விரிப்பு எப்படி இருந்தது என்று பார்க்க ஆசைப்படுபவர்கள் புளோரன்சுக்குப் போனால் ஒஞ்ஞிசாந்தி மடத்தின் உணவறையில் கிர்லாந்தாயோ என்ற ஓவியர் 1480-இல் வரைந்த, இயேசுவின் கடைசி இராப்போசனத்தைப் பாருங்கள். எல்லோரும் யூதாசைத் தேடுவார்கள். நான் மேசை விரிப்பைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். வெள்ளைத் துணி, ஓரத்தில் நீல வேலைப்பாடு. பெருஜா பக்கத்தில் அந்தக் காலத்தில் வெள்ளைத் துணியில் நீலப் பட்டையாக விலங்குகளும் பறவைகளும் வைத்து நெய்த விரிப்புகள் பேர்போனவை. அவை தறி வேலை, ஊசி வேலை இல்லை.

மினுக்குவது, அதாவது இஸ்திரி போடுவது பற்றிச் சொல்லாவிட்டால் இந்த வேலை செய்தவள் என்று சொல்லிப் பயனில்லை. லினனைக் காய்ந்த பிறகு மினுக்கவே முடியாது. ஈரம் பாதி இருக்கும்போதே எடுக்க வேண்டும். காய்ந்துவிட்டால் தண்ணீர் தெளித்துச் சுருட்டி ஒரு இரவு வைக்க வேண்டும். பூவேலைப் பக்கத்தைக் கீழே பார்க்க, தடித்த துவாயின் மேல் வைத்துப் பின்பக்கமிருந்து அழுத்தினால் உப்பிய எழுத்துகள் துவாய்க்குள் அமிழ்ந்து, திருப்பும்போது எழும்பி நிற்கும். முன்பக்கத்தில் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் எல்லாம் தட்டையாகிவிடும். எடுத்து வைக்கும் துணிக்குக் கஞ்சி போடக் கூடாது, பூச்சிக்கு விருந்து வைத்த கதையாகும். துருக் கறைக்கு எலுமிச்சம்புளியும் உப்பும் வெயிலும். குளோரினைக் கிட்டக் கொண்டுபோகவே கூடாது, இழை செத்துவிடும்.

மரப்பெட்டியின் அடியில் வேறு வகை விரிப்புகள் இருந்தன. சிஞ்ஞோராவின் மாமியார் வழி வந்தவை. அந்த அம்மா வடக்கே ஃபெராரா பக்கம். லினன் இல்லை, கானப்பா. கஞ்சாச் செடியின் குடும்பம்தான், புகைப்பதற்கில்லை, நாருக்காக வளர்ப்பது. பொலோஞா, ஃபெராரா சமவெளியில் ஒருகாலத்தில் வயல் வயலாக நின்ற பயிர். வீட்டுத் தறியின் அகலம் கட்டிலுக்குப் போதாது என்பதால் இரண்டு மூன்று பட்டையை நடுவில் சேர்த்துத் தைத்திருப்பார்கள். புதிதாக இருக்கும்போது சாக்கு மாதிரிச் சொரசொரக்கும், தோய்க்கத் தோய்க்க இளகும். பூவேலை எதுவும் இல்லை. சிவப்பில் இரண்டு எழுத்து மட்டும்.

அதில் ஒன்றில் கால்மாட்டுப் பக்கம் உள்ளங்கை அளவுக்கு இழையோட்டித் தைத்த இடம் இருந்தது. நைந்து போன துணியில் குறுக்கும் நெடுக்குமாக நூலை ஓட்டி, நெசவையே திரும்பச் செய்திருந்தார்கள். அதன் ஓரம் மறுபடி நைந்து, கொஞ்சம் வேறு வெள்ளையில் இன்னொரு நூல். பிறகு இன்னொன்று. வெவ்வேறு கைகள் என்பது தையலின் நெருக்கத்திலேயே தெரிந்தது. மயில் விரிப்பு யாரும் படுக்காததால் தப்பியது. இது படுத்துப் படுத்துத் தேய்ந்தும் விடாமல் பிழைத்தது. என்னைக் கேட்டால் இதற்குத்தான் கண்ணாடிப் பெட்டி வைப்பேன். சிஞ்ஞோராவுக்கு இந்தக் கதையே பிடிக்காது. ஒட்டுப் போட்டதையெல்லாம் ஆட்களுக்குக் காட்டாதே என்பார்.

சந்தையில் நிலவரம் வேறு. பலெர்மோவில் பியாட்சா பெரான்னியில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கிழவிகள் இறந்த வீடுகளிலிருந்து வரும் கொர்ரேதோக்கள் அங்கே மூட்டையாகக் கிடக்கும். பேரப்பிள்ளைகள் அகல மெத்தைக்கு நாலு மூலையிலும் இழுவை வைத்த விரிப்பு மாட்டுகிறார்கள். இதை யார் ஈரத்தோடு எடுத்து மினுக்குவது? வாங்குபவர்கள் சிலர் யன்னல் திரை தைக்கிறார்கள், சிலர் பூவேலையை மட்டும் வெட்டிச் சட்டைக்கு வைக்கிறார்கள். வெட்டுவதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும். ஆனாலும் மூட்டையில் மக்குவதைவிடச் சட்டையாவது மேல்.

அங்கே இத்தாலியப் பழசு என்று விற்பதெல்லாம் இத்தாலியும் இல்லை, பழசும் இல்லை. வெனிஸ் ரேந்தை வைத்த மேசை விரிப்பு என்று காட்டுவதில் நிறையச் சீனத்தில் செய்தவை. போன நூற்றாண்டில் ஐரோப்பிய வடிவங்களைப் பார்த்துச் சீனப் பெண்கள் கையாலேயே செய்து கப்பல் கப்பலாக அனுப்பினார்கள். அதையும் இளக்காரமாகச் சொல்ல மாட்டேன், அதுவும் ஒரு பெண்ணின் கண்பார்வைதான். விலை மட்டும் வேறாக இருக்க வேண்டும். இயந்திர வேலையைக் கண்டுபிடிப்பது லேசு: ஒரே பூ பத்து இடத்தில் இருந்தால் பத்தையும் பாருங்கள். கைவேலையில் ஒரு இதழாவது சற்றுத் தடித்திருக்கும். பின்பக்கத்தையும் புரட்டுங்கள், மாப்பிள்ளையின் தாய் செய்தது போல.

சாந்தா ரொசாலியாவின் மலைக்கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நம் சனம் ஏறுவது பலெர்மோ தமிழர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அங்கே கண்ட ஒரு தங்கச்சி, தான் பார்க்கும் வீட்டில் பிள்ளைகள் பழைய துணியை எல்லாம் எடுத்துக்கொண்டு போ என்கிறார்கள், வாங்கலாமா அக்கா, குப்பையைத் தலையில் கட்டுகிறார்களா என்று கேட்டாள். வாங்கு என்றேன். பூவேலை செய்ததில் ஒன்று, எழுத்து உள்ளதாகப் பார்த்து, கொடுத்தோம் என்று ஒரு துண்டில் எழுதி வாங்கிக்கொண்டு எடு. நாளைக்கு ஒரு மருமகள் வந்து காணவில்லை என்று தேடக் கூடாது. மற்றபடி அடியில் கிடக்கும் முரட்டு விரிப்பு எத்தனை இருந்தாலும் விடாதே. வெயில் காலத்தில் அதைவிடக் குளிர்ச்சியாக எதிலும் படுக்க முடியாது. உன் வீட்டு மெஷினில் நாற்பது பாகையில் போடு, ஒன்றும் ஆகாது. வெளியே எடுத்துப் பிழியும்போது மட்டும் உன் மனுசனையும் கூப்பிடு, ஈர விரிப்பு ஒன்று உன்னால் தனியாகத் தூக்கேலாது.